விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வாசல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் வீட்டு ரூட்டர் என்னைப் படாத பாடு படுத்தியது. பழிவாங்க ஒரு கதையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: "கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பனி மெல்ல..." வேண்டாம். பனி இல்லாமல் ஒரு மலைக்கதை தொடங்கக் கூடாதா? காமிலாவிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஆண்டு 2009. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள் காமிலா. யார் வீட்டுக்கு இணைப்பு வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிட்டது மாதம்மாள். மகன் மணிவண்ணனுக்குப் பெங்களூரில் வேலை. தனியாக இருக்கும் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் துடிக்கிறான். அவளோ மிளகுக்கொடியையும் மாட்டையும் விட்டு அசைய மாட்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: முன்னறையில் கேமரா. ஆபீஸ் முடிந்து அவன் அம்மாவைப் பார்க்க முடிந்தால் அவள் இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காமிலா முதலில் ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினாள்.

"மாட்டுப் பேரையே வெச்சிரு கண்ணு, மறக்காது" என்றாள் மாதம்மாள்.

அந்தப் பெயரை அவள் தினமும் தெருவே அதிரக் கூப்பிடுகிறவள். காமிலா வேறு ஒன்றை வைத்துவிட்டு, கேமராவுக்கு ஒரு போர்ட்டைத் திறந்தாள்.

"போர்ட்டுன்னா என்ன கண்ணு?"

"ஊட்டுக்குப் பின்வாசல் மாதிரிங்கம்மா. உங்க பையன் வாரதுக்கு மட்டும் தொறந்து வெச்சிருக்கேன்."

(இங்கேதான் உவமை கெடுத்தது. காமிலாவுக்கு அது தெரியாது, உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைக்கும்போது முன்வாசலைத் திறந்து பின்வாசலைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் வரும் லட்சுமி பின்னால் போய்விடுவாள். மாதம்மாள் இதில் ஒருநாளும் தவறியதில்லை.)

3

பகலில் காமிலா தன் கடையிலிருந்து பார்த்தால் படம் பளிச்சென்று தெரிந்தது. மாலையில் மணிவண்ணன் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கேமராவுக்கு நிலையான முகவரி கொடுத்தாள். ஃபயர்வாலைத் திருத்தினாள். (போர்ட் எண்களைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. நானே படிக்காமல் தாண்டினேன். நீக்கிவிட்டேன்.) மறுநாள் மாலையும் அதே கதை.

சனிக்கிழமை மாதம்மாள் கண் கலங்கி நின்றாள். "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவான் கண்ணு. எப்படியாச்சும் சரி பண்ணிக் குடு."

காமிலா பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாதம்மாள் விளக்கைத் துடைத்தாள். முன்கதவை விரியத் திறந்தாள். ரூட்டரின் சுவிட்சை அணைத்தாள். தீக்குச்சியை எடுத்தாள்.

"ஏனுங்கம்மா! என்ன பண்றீங்க?"

"நீதான கண்ணு பின்வாசல்னு சொன்ன? வெளக்கு வெக்கற நேரத்துல தொறந்து போடலாமா? விடிஞ்சதும் நானே தொறந்து வெச்சிருவேன்."

காமிலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அம்மா, அது நெசமான கதவு இல்லீங்க, ஒரு நம்பரு, அந்த நம்பருக்கு வார..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேங்கம்மா. அதுதான் முன்வாசல்."

"அப்பிடிச் சொல்லு!" மாதம்மாள் சுவிட்சைப் போட்டாள்.

4

கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. "அம்மா! தெரியறீங்க! வெளக்குக்கூடத் தெரியுது! நீங்க அங்கயே இருங்கம்மா."

இங்கே கதையை முடித்துவிட்டேன். மாதம்மாள்தான் விடவில்லை. கேமராவுக்கு நேராக வந்து நின்றாள்.

"நீ என்னயப் பாத்துட்ட சாமி. நா உன்னய எப்பப் பாக்கறது?"

அவள் காமிலா பக்கம் திரும்பினாள். "அதுக்கும் ஒரு கதவு தொறந்து குடு கண்ணு."

முடிவு ஒன்று: மணிவண்ணன் மாதம்மாளுக்கும் ஒரு கம்ப்யூட்டர் அனுப்புகிறான். (மாடு அதன்மேல் சாய்கிறது. அடித்துவிட்டேன்.) முடிவு இரண்டு: நாளை வருகிறான், அழைத்துப்போக அல்ல, சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக. எழுத ஆசைதான். ஆனால் "அந்தக் கதவு ரூட்டர்ல இல்லீங்க" என்கிறாள் காமிலா. என் பேனாவிலும் இல்லை.

வெளியூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர் நீங்கள்தானே? முடித்துவையுங்கள். முன்வாசல் திறந்துதான் இருக்கிறது.