எதிரணி அறையில் ஒரு பை

லமாண்டின் பை எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டது. ஆள்தான் இன்னும் போகவில்லை.

தப்பு கஸ் நோவாக்கியுடையது. பிட்ஸ்பர்க் கூடைப்பந்து அணியின் உடுப்பு, காலணிகளை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மனிதர். அணிகள் ஒருவருக்கொருவர் வீரர்களை மாற்றிக்கொள்ள பிப்ரவரியில் அன்றுதான் கடைசி நாள். மதியம் மூன்று மணியோடு கதவு சாத்தப்படும். லமாண்ட் சின்சினாட்டிக்குப் போகிறான் என்று காலையிலேயே ஊர் முழுக்கப் பேச்சு. அன்று மாலை ஆட்டமே சின்சினாட்டியோடுதான். நடைவழியின் அந்தப் பக்கம்தானே அவர்கள் அறை என்று கஸ் கையோடு பையைக் கட்டி, வண்டியில் வைத்துத் தள்ளிக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் சின்சினாட்டி பின்வாங்கியது. பிட்ஸ்பர்க் மேலாளர் வின்ஸ்லோவே வந்து லமாண்டிடம் சொன்னார்.

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல லமாண்ட். உன்னைச் சும்மாவே எடுத்துக்கங்கன்னு சொல்லிப் பாத்தோம். வருஷா வருஷம் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கிற நம்ம உரிமை ரெண்டைச் சேத்துக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னுட்டாங்க."

"அப்ப நான் இங்கதான்?"

"இங்கதான்." சொன்ன குரலில் மகிழ்ச்சி ஒரு பொட்டுகூட இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஊர்தான் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஒரே ஒரு நல்ல பருவம் ஆடினான். பழைய மேலாளர் பூரித்துப்போய் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு முப்பது மில்லியன் டாலர் என்று எழுதிக் கொடுத்தார். அவன் யார் கழுத்திலும் கத்தி வைத்துக் கேட்கவில்லை. மறு வருடமே முழங்கால் போனது. அதற்குப் பிறகு வானொலியில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த ஒப்பந்தம்' என்றுதான் சொன்னார்கள். அந்த ஒப்பந்தம் மட்டும் இல்லையென்றால் இவரை வாங்கியிருக்கலாம், அவரை வாங்கியிருக்கலாம் என்று பேசிப் பேசியே குளிர்காலம் கழிந்தது. இந்தப் பருவத்தில் நாற்பத்தொரு ஆட்டம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஆட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஒப்புக்குக் கடைசி இரண்டு நிமிடம் இறக்கிவிடுவார்களே, அப்படி இல்லை. நிஜமாக ஆட வேண்டும். இன்று சும்மா கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பது நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

மாலையில் பயிற்சியாளர் ரீட்டர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது. கடைசி நிமிடத்தில் வேறொரு பேரம் படிந்து, மூன்று பேர் போர்ட்லண்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அங்கிருந்து வர வேண்டியவர்கள் இன்னும் விமானம்கூட ஏறவில்லை.

"மொத்தம் எட்டே பேர். அதுல நெட்டையன் நீ ஒருத்தன்தான். முழங்கால் எப்படி இருக்கு?"

"அதைக் கேக்காதீங்க. எவ்வளவு நேரம் ஆடணும்?"

"முடியிற வரைக்கும்."

லமாண்ட் எழுந்தான். அப்புறம்தான் காலணியும் அந்தப் பையோடு போனது நினைவுக்கு வந்தது. அவன் கால் அளவுக்கு அந்தக் கட்டடத்தில் வேறு காலணி கிடையாது. கஸ்ஸுக்கு முகம் தொங்கிவிட்டது.

"நான் ஓடிப்போய் எடுத்தாந்துடறேன் தம்பி. புத்தி கெட்டுப்போச்சு எனக்கு."

"விடுண்ணே. என் பை, நானே போறேன்."

சின்சினாட்டி அறைக்குள் அவன் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய நட்சத்திரம் கீனன் பாய்ட், இருபத்திரண்டு வயது, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்ன பெருசு, வேணாம்னு சொல்லியும் வந்துட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். லமாண்டும் சிரித்து வைத்தான்.

"பையை மட்டும் எடுத்துக்கறேன்டா. அதுக்கு உங்காளுங்க எதுவும் சேத்துக் கேக்கலையே?"

நடைவழியில் திரும்பி வரும்போது காது மடல் சுட்டது. அவமானத்தில் அழுகை வந்தது என்பதே உண்மை. ஆனாலும் காலணியைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

முதல் தடவை பந்து அவன் கைக்கு வந்ததும் அரங்கம் ஊளையிட்டது. அவனால் பழைய மாதிரி எகிற முடியாது, ஓட முடியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். தன் பக்கத்து இளைஞர்களுக்கு வழி திறக்க எதிராளிகளின் குறுக்கே போய் நின்றான். பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே அங்கே போய் நின்றான். இரண்டாம் பாதியில் முழங்கால் கதறியது. அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மேல் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் தனியாக "லமாண்ட்!" என்று கத்தியது. ஒப்பந்தம் என்று இல்லை, பெயரே சொல்லி. பின்னாலேயே பத்துக் குரல், நூறு குரல்.

பதினொரு விநாடி மிச்சம். பிட்ஸ்பர்க் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து கீனனிடம். அவன் ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், வளையத்தை நோக்கிக் காற்றாகப் பாய்ந்தான். எதிரே லமாண்ட். எகிறவில்லை, கையைக்கூட வீசவில்லை. இரண்டு பாதத்தையும் ஊன்றி, கைகளை நெஞ்சோடு கட்டி நின்றான். பையனின் தோள் அவன் மார்பில் மோதிய சத்தம் பெஞ்சுவரை கேட்டது. இருவரும் விழுந்தார்கள். ஊதல் ஒலித்தது. இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நடுவர் ஓடிவந்து கையை எதிர்த்திசையில் நீட்டினார். அசையாமல் நின்றவனை மோதியதால் கீனன்மேல் குற்றம், பந்து பிட்ஸ்பர்க்குக்கு.

அரங்கம் இடிந்து விழுவது போல் அதிர்ந்தது. மல்லாந்து கிடந்த லமாண்டின் முகத்துக்கு மேலே நான்கு பையன்களின் கைகள் நீண்டன. "எந்திரிண்ணே, எந்திரி!" என்று கத்தினார்கள். இன்னும் இரண்டு விநாடி பாக்கி இருந்தது.

"இருங்கடா," என்றான் அவன், கூரையின் விளக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அந்த நான்கு கைகளும் அப்படியே நீண்டு காத்திருந்தன.