அம்மா சொல்லி வைத்த நாடு

திருச்சியிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுவதும் அம்மா நிவேதிகாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார். துணி மடிக்கும்போது சொன்னார், சோறு போடும்போது சொன்னார்.

"பஸ்ஸில ஜன்னல் பக்கம் உக்காராத. செக்பாயிண்ட் வந்தா நீயா எறங்கி நடந்துடணும், யாராச்சும் சொல்லட்டும்னு இருக்கக் கூடாது. ஆர்மிக்காரன் மூஞ்சியப் பாக்காத. அதுக்குன்னு தலையத் தொங்கப்போட்டும் நிக்காத. பொழுது சாஞ்சா வீட்டுக்குள்ள வந்துடணும். கொழும்புல வாயே தொறக்காத."

"இப்பவும் அங்க அப்படியாம்மா இருக்கும்?"

"எனக்குத் தெரியாதா அந்த ஊர?"

அம்மா புஷ்பவதிக்கு அது ஊர். நிவேதிகாவுக்கு அது வெளிநாடு. அம்மா தொண்ணூறாம் ஆண்டு திருகோணமலையை விட்டு ஓடி, மன்னாரில் படகேறி, தமிழ்நாட்டில் கரையிறங்கியவர். கலியாணமும் பிள்ளைப்பேறும் அங்கேதான். கொஞ்சக் காலம் முகாம், பிறகு திருச்சியில் வாடகை வீடு. அகதி என்று தெரிந்தால் வீடு கொடுக்க யோசிப்பார்கள் என்று அம்மா தன் பேச்சையே மாற்றிக்கொண்டார். ஆமாம் என்பதற்கு ஊரில் சொல்கிற 'ஓம்' என்ற சொல்லை வீட்டுக்குள்ளும் விடவில்லை. அப்படி வளர்ந்த நிவேதிகா அசல் திருச்சிக்காரியாகவே பேசினாள். ஆனால் பி.காம் முடித்து வேலைக்குப் போன இடமெல்லாம் பேச்சு கடைசியில் குடியுரிமை என்ற கேள்வியில் வந்து நின்றது. அப்பாவும் காலமான பிறகு, பாலையூற்றில் தனியாக இருந்த அம்மாவின் அண்ணன் காசிநாதர் போனில் ஒரே பிடியாகப் பிடித்தார். "இஞ்ச வீடு சும்மாதானே கிடக்குது. வந்து என்னோட இருங்கோவன்."

வந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அம்மா வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்த பெண் அதிகாரி தமிழிலேயே நாலு கேள்வி கேட்டு, சிரித்து அனுப்பிவைத்தார். அவர்கள் ஏறிய வாடகை வான் திருகோணமலைக்கு வந்து சேரும்வரை யாரும் அவர்களை இறக்கி நடக்க வைக்கவில்லை. அம்மா மட்டும் வழி நெடுகக் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி விழித்திருந்தார்.

ஒரு கிழமைக்குள் அம்மாவின் நாக்கு பழைய தடத்துக்குத் திரும்பிவிட்டது. அண்ணனோடு கதைக்கத் தொடங்கினால் நிவேதிகாவுக்குப் பாதி புரியாது. மகளுடைய நாக்கு திருச்சியிலேயே நின்றுவிட்டது. சந்தையில் வாயைத் திறந்தால் "இந்தியாவோ?" என்று கேட்டார்கள். துணி விற்க வந்தவள் என்று நினைத்து விலை விசாரித்தவர்களும் உண்டு.

மாமாவின் சிநேகிதர் அலியார் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் பாமசி என்கிற மருந்துக் கடை வைத்திருந்தார். அங்கே காசாளராக வேலை கிடைத்தது. கூட வேலை செய்த ரிஸ்லா முதல் நாளே பழகிவிட்டாள். இரண்டாம் நாள் நிவேதிகா அவளிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: "முதலாளி என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாருப்பா."

ரிஸ்லாவின் முகம் மாறிவிட்டது. "அதுக்குள்ளயா? என்ன பிழ செஞ்ச புள்ள?"

இங்கே பேசுவது என்றால் திட்டுவது, பேசுவதற்குப் பெயர் கதைப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குச் சிரித்தார்கள். அடுத்த மாதம் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. ரிஸ்லா மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "பிள்ளைக்குச் சத்தி. காலமையிலயிருந்து நிக்குதில்ல" என்றாள். பிள்ளைக்குச் சக்தி இல்லை, அதனால் நிற்க முடியவில்லை என்று விளங்கிக்கொண்டு நிவேதிகா ஒரு சத்து டொனிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் படியிறங்கும்போது ரிஸ்லா எதிரே வந்தது நல்ல காலம். போத்தலைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, இரண்டு சொல் விசாரித்து, டொனிக்கைத் திரும்ப வாங்கி வைத்தாள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி உப்புத்தூள் பக்கெற்றைக் கையில் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஓட்டோவும் பிடித்துவிட்டாள்.

"சத்தி எண்டா வாந்தி, புள்ள. விளங்கல்லண்டா கேளு. கேக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல."

அதற்குப் பிறகு நிவேதிகா வெட்கப்படாமல் கேட்டாள். தடிமன் என்றால் ஜலதோஷம், குளிசை என்றால் மாத்திரை. நான்கைந்து மாதத்தில் அவள் வாயிலும் 'முடியாது' போய் 'ஏலாது' தானாக வந்தது. வேலை முடிந்து கடற்கரைப் பக்கமாக நடந்து, சனம் கூடி நிற்கிற இடத்தில் கச்சான் கடலை வாங்கித் தின்றுவிட்டு ஏழு மணிக்குமேல் வீடு திரும்புவாள். அம்மா கேற்றடியில் நின்றுகொண்டிருப்பார். அவர் மட்டும் ஒழுங்கை முனைக் கடையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி ஒண்ணுமே இல்லம்மா. எல்லாரும் சாதாரணமா இருக்காங்க."

"உனக்குத் தெரியாது."

ஆவணியில் மூதூருக்கு அருகிலுள்ள கட்டைபறிச்சானில் ஒரு கலியாணம் வந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை சுலோஜனாவின் மகளுக்கு. போகாமல் இருக்க ஏலாத உறவு. மாமாவுக்கு முழங்கால் வீக்கம், பஸ்ஸில் போக முடியாது. ஆகவே தாயும் மகளும் மூதூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

சீனன்குடா நெருங்கியது. அம்மா திடீரென்று எழுந்தார். பொலித்தீன் உறைக்குள் இத்தனை வருடமும் காப்பாற்றி வைத்திருந்த பழைய அடையாள அட்டையை ஒரு கையிலும், பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "எழும்பு, எழும்பு. இறங்க வேணும்" என்று மகளின் தோளை உலுக்கினார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியனையும் தட்டி எழுப்பினார். "தம்பி, ஐசியை எடுங்கோ."

பொடியன் ஒன்றும் புரியாமல் விழித்தான். கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எங்கயம்மா இறங்கப் போறீங்க? மூதூருக்குத்தானே ரிக்கெற் எடுத்தனீங்க?"

பஸ் நிற்கவில்லை. வீதியில் தடுப்பும் இல்லை, மண்மூட்டையும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விமானப்படைக் கட்டடங்கள் ஓடி மறைந்தன. அம்மா நடுவழியில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முன் இருக்கையில் இரண்டு பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நிவேதிகாவுக்கு முகம் எரிந்தது. "உக்காருங்கம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பின்னாலிருந்து அம்மாவின் வயதுள்ள ஒரு முஸ்லிம் பெண் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இப்ப அதெல்லாம் எடுத்துட்டாங்க, தங்கச்சி. நானும் கனகாலம் இந்த இடத்துல எழும்பி நிண்டவதான்" என்றார். பிறகு கிண்ணியா வரும்வரை பக்கத்திலேயே நின்றார். சிரித்த பெட்டைகள் வெளியே பார்க்கத் தொடங்கினார்கள்.

கலியாண வீட்டில் அம்மா அழுதார், சிரித்தார், நிறையக் கதைத்தார். பஸ்ஸில் நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை. நிவேதிகாவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பின்னேரம். அதே சீனன்குடாவுக்கு அருகில் பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. எல்லோரும் இறங்கி வீதியோரத்தில் நின்றார்கள். வெயில் சாய்ந்து குடா முழுவதும் செம்பு நிறமாகக் கிடந்தது. ஒரு சின்ன விமானம் தாழ்ந்து ஓடுபாதையை நோக்கி வந்தது. திருச்சித் தோழிகளுக்கு அனுப்பலாம் என்று நிவேதிகா போனை எடுத்து, வேலி, விமானம், அதன் பின்னால் கடல் என்று நிதானமாகப் படம் பிடித்தாள்.

"நங்கி!"

நீலச் சீருடையில் ஓர் இளம் காவலாளி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டபடி வேகமாக வந்துகொண்டிருந்தான். போனைக் காட்டி ஏதோ கேட்டான். அவளுக்கு விளங்கவில்லை. "சாரிங்க, சும்மாதான் எடுத்தேன்" என்றாள். அவன் அந்தத் தமிழைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினான். ஐடி என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து மாதங்களாகியும் அவளுக்கு இன்னும் வரவில்லை. வந்தபோது பாஸ்போட்டுக்குப் பதிலாகக் கொடுத்த பயணத் தாள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. "இன்டியா?" என்று கேட்டான். ஓம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் நின்றாள். அவன் போனைத் தரச் சொல்லிக் கையை நீட்டினான். இன்னொருவனும் கேற்றிலிருந்து வரத் தொடங்கினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். இப்போது அவர் கையில் அட்டை இல்லை. காவலாளியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மே மகே துவ, புதே" என்றார்.

இவள் என் மகள், மகனே. அதற்குப் பிறகு வந்ததில் ஒரு சொல்லும் நிவேதிகாவுக்குப் புரியவில்லை. அம்மா சிங்களம் கதைத்துக்கொண்டிருந்தார். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு இடையில் நிறுத்தி யோசித்து, பிறகு பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி. மகளைச் சுட்டிக்காட்டி என்னவோ சொல்ல, காவலாளியின் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்தது. அம்மா அவனிடம் ஏதோ கேட்டார். அவன் "கன்தளே" என்றான், கந்தளாய்க்காரன். நிவேதிகா எடுத்த படத்தை அவன் முன்னாலேயே அழித்தாள். அவன் போனைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் தலையசைத்து, கேற்றிலிருந்து வந்தவனையும் கூட்டிக்கொண்டு போனான்.

பஸ் மறுபடி கிளம்பியதும் நிவேதிகா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா சொன்னீங்க அவன்கிட்ட?"

"பிள்ளை இந்தியாவில பிறந்தது, இஞ்சத்த ஒழுங்கு ஒண்டும் தெரியாது, பிளேனைக் கண்டால் சின்னப்பிள்ளை மாதிரி எண்டு சொன்னனான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியுமெண்டால் ஏன் அந்த வேலியடியில போனைத் தூக்கினனீ?"

நிவேதிகா போனைப் பைக்குள் போட்டாள். பிறகு கேட்டாள்: "சிங்களம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"சந்தைக்குக் கிட்ட சோமா அக்கா எண்டு ஒராள் தையல் கடை வைச்சிருந்தவ. ரெண்டு வருசம் அவவிட்டத் தைச்சனான். அவவுக்குத் தமிழ் வராது. நான் படிச்சனான்."

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதே இல்லையேம்மா."

"அங்க ஆரோட கதைக்கிறது?"

"அவங்க இப்ப எங்க?"

"தெரியாது. நாங்கள் ஓடின அண்டைக்குக் கடை பூட்டியிருந்தது."

அம்மா வெளியே பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் பாமசி வாசலில் அம்மா வந்து நின்றபோது நிவேதிகாவுக்குக் கண்களை நம்ப முடியவில்லை. தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். தையல் கடை இருந்த இடத்தைத் தேடிப் போனாராம். அங்கே இப்போது போன் கடை. பக்கத்தில் விசாரித்தார், சோமா அக்காவை யாருக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ரிஸ்லா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்ததும், பனடோல் குளிசை கேட்டு வந்த ஒரு சிங்களக் கிழவருக்கு எத்தனை வேளை போடவேண்டும் என்று அம்மாவே விளங்கப்படுத்தினார்.

மார்கழியில் திருச்சியிலிருந்து, முகாமில் பக்கத்து வீட்டில் இருந்த கிருசாந்தினி போன் எடுத்தாள். அவளும் தாய் ராசமலரும் அகதிகளை ஊருக்கு ஏற்றி வருகிற அடுத்த விமானத்தில் வருகிறார்கள். அவளும் அங்கே பிறந்தவள்தான். "அக்கா, அங்க நாங்க என்னென்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?" என்று பயந்த குரலில் கேட்டாள்.

நிவேதிகா யோசித்து யோசித்துச் சொன்னாள். வந்த கையோடு பிறப்புப் பதிவுக்கும் ஐசிக்கும் அலையத் தொடங்கு, அது லேசில் வராது. பயணத் தாளை எப்போதும் பையில் வை. படை முகாம் வேலியைப் படம் எடுக்காதே. யாராவது உன்னைப் பேசினார்கள் என்று சொன்னால் திட்டினார்கள் என்று அர்த்தம். நீ பேசுவதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள், சிலர் விலை கூட்டிச் சொல்லுவார்கள். வேலை கிடைக்கும், ஆனால் நீ படித்த படிப்புக்குக் கிடைக்கும் என்று நம்பி வராதே. அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, உன்ர அம்மா சொல்லுறதெல்லாம் பழைய கதை. அதுக்காக அவவைப் பேசிப்போடாத. பஸ்ஸில எழும்பி நிண்டாலும் பேசாத" என்றார்.

அவர்கள் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிலையத்துக்கு நிவேதிகாவும் அம்மாவும் போனார்கள். ராசமலர் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, நேரே ஓட்டோக்காரனிடம் போய், பாலையூற்றுக்கு எவ்வளவு என்று கணீரென்ற சிங்களத்தில் கேட்டார்.

"அம்மா, நான் சாம்பல்தீவுத் தமிழன்" என்றான் அவன்.

"அப்ப இன்னும் நல்லது, தம்பி. குறைச்சுச் சொல்லுங்கோ" என்றார் அம்மா. ராசமலர் என்ன நடந்தது என்று தெரியாமல் கிருசாந்தினியின் முகத்தைப் பார்த்தார். நிவேதிகா பெட்டிகளைத் தூக்கி ஓட்டோவுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.