கேட்டில் தட்டும் சத்தம்

கேட்டின் தாழ்ப்பாளை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள் ஃபிசா. உள்ளே அத்தாவின் உடலைக் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. மூக்கண்டப்பள்ளித் தெருவில் மதிய ஷிப்டுக்குப் போகிற பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. ஒவ்வொரு பைக்குக்கும் கேட்டின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள்.

தம்பி சாஹில் பக்கத்தில் வந்தான். அத்தாவின் தங்கை சாமல்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டாராம். கூடப்பிறந்தவர் முகம் பார்க்காமல் எப்படி எடுப்பது, கொஞ்சம் பொறுக்கலாம் என்றான்.

"அத்தை வர்றதுக்குள்ள அவங்க வந்துருவாங்கடா. நாளைக்கு பெங்களூர்ல பெரிய மீட்டிங்காம். இன்னைக்கு வராம இருப்பாங்களா?"

அவங்க யாரென்று சாஹிலுக்கு விளக்க வேண்டியதில்லை.

அத்தா கரீம் இளவயதில் பெங்களூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஒரு ஸ்டிரைக்கில் யாரோ கல்லெறிய, அகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கோர்ட்டு விட்டுவிட்டது. ஸ்டேஷனின் ரவுடிப் பட்டியல் விடவில்லை. அங்கே திருவிழா, தேர்தல், பெரிய மனிதர் வருகை எதுவானாலும் ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று முந்தின நாளே பார்த்துவிட்டுப் போவார்கள். முதலில் சைக்கிளில் வந்த ஏட்டு லத்தியால் தட்டுவார். உள்ளிருந்து யாராவது குரல் கொடுத்தால் போதும். பிறகு ஜீப் வந்தது, நேரில் வந்து நில் என்றது. ஓசூருக்குக் குடிவந்த பிறகு எல்லை தாண்டி பைக் வந்தது. இப்போது செல்போனில் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். ஆள் எங்கே, எப்போது என்று அதுவே ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுகிறது. போலீஸ் எவ்வளவோ முன்னேறிவிட்டது. அத்தாவின் பெயர்தான் இருந்த இடத்திலேயே இருந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவர் ஃபிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "என் ஜனாஸாவாச்சும் போலீஸ் இல்லாம போவணும்மா."

"முகத்த மூடச் சொல்லு. எடுத்துரலாம்" என்றாள் தம்பியிடம்.

"அத்தைக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசை அறுத்தது. அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடி வருகிறவர் வெறும் வாசலைத்தான் பார்க்கப்போகிறார்.

முகத்தை மூடி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து நால்வர் தோளுக்கு ஏற்றினார்கள். தாழ்ப்பாளைத் திறக்க ஃபிசா கை நீட்டியபோது வெளியே பைக் ஒன்று நின்றது. இரும்புக் கேட்டில் லத்தி இரண்டு முறை தட்டியது.

திறந்தாள். இளம் கான்ஸ்டபிள், கையில் போனோடு நின்றிருந்தார். சந்தூக்கைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவரைப் பிடித்துத் தள்ளலாம் போல ஃபிசாவுக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ரோஷன் பீ விடியற்காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. லத்திச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து சொல்லிப் பழகிய அதே குரல்.

"வீட்லதான் இருக்காரு சார்."

தோளில் பாரத்தோடு நால்வரும் அப்படியே நின்றார்கள். கான்ஸ்டபிள் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, வாசலை அடைத்து நின்ற பைக்கை ஓரமாகத் தள்ளினார்.