பன்னிரண்டு மாத்திரைகள்

1.
இந்தக் கதை ஒரு பிஸ்கட் டின்னில் தொடங்கியது. இன்று காலை ராத்தாவுக்கு மாற்றுடுப்பு எடுக்கக் கனமூலையிலுள்ள அவள் வீட்டுக்குப் போனபோது, அலுமாரிக்குள் அதைக் கண்டேன். உள்ளே பன்னிரண்டு மாத்திரைகள். இரண்டு முறை எண்ணினேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுங்கள் என்பார் மாலை நேர எழுத்து வகுப்பு மிஸ். முயல்கிறேன்.

2.
முதல் தொடக்கம்:
ஷிஹாரா ராத்தா என் அக்கா. அவளுக்கு இது ஆறாம் மாதம். "ஒண்டுக்குப் போனா நெருப்பா எரியுது புள்ள" என்றாள். கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்து, கிருமித்தொற்று என்று மாத்திரை தந்தார்கள். நாளுக்கு மூன்று, ஏழு நாள். மூன்றாம் நாள் எரிவு நின்றது. நான்காம் நாள் தலைநோன்பு, ரமழானின் முதல் நாள். அவளுடைய மாமி சொன்னார், "எரிவு நிண்டிட்டுத்தானே, இனி என்னத்துக்கு…

(வெட்டுகிறேன். மாமி சொன்னது வேறு: "வயித்துல புள்ள. நோன்ப பொறகு புடிக்கலாம், மருந்தக் குடி.")

3.
இரண்டாம் தொடக்கம்:
ராத்தா தானாகவே நிறுத்தினாள். "விட்ட நோன்ப பொறகு தனிய இருந்து களா புடிக்க எனக்கு ஏலா."

(இது பாதி உண்மை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிக்கிறவள், சொல்லன்.")

"எரிவு நிண்டா கிருமி செத்திட்டு எண்டுதானே? மிச்சத்த வைங்க, இன்னொருக்கா வந்தா உதவும்" என்றேன்.

"டொக்டரம்மா சொன்னாச் சரி" என்று சிரித்தாள்.

அந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுக்கத்தான் இரண்டு தாளைக் கிழித்தேன்.

4.
ஒன்பதாம் நோன்பில் குளிர் நடுக்கம், காய்ச்சல், விலாவில் குத்து. நேற்றுப் பின்னேரம் சிலாபம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். வயிறு இடைக்கிடை இறுகுகிறது. பிள்ளை இப்போதே பிறந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

"முதல் தந்த மாத்திர முழுக்கக் குடிச்சீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

ராத்தா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஓம் டொக்டர், முழுக்க."

"அப்ப அந்த மருந்துக்குக் கேக்காத கிருமியா இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

5.
முடிவு ஒன்று: காய்ச்சல் இறங்குகிறது, யாரும் எதையும் கேட்கவில்லை.
முடிவு இரண்டு: இறங்கவில்லை.
இரண்டிலும் நான் வாய் திறக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

வார்ட்டில் டொக்டர் மூன்றாம் கட்டிலருகில் நிற்கிறார். ராத்தாவின் கட்டில் ஏழு. டின் என் பையில் இருப்பதை அவள் கண்டுவிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டுகிறாள்.

எழுதிக்கொண்டிருக்கும் வரை நான் பேச வேண்டியதில்லை.

ஐந்தாம் கட்டில்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேனையை மூடிவிட்டு டின்னைக் கையில் எடுக்கிறேன்.