திருமதி பெக்கின் ஏழாவது பியானோ

என் வீட்டுக்காரர் அமாசா பெக், பாஸ்டனில் பாட்டு வாத்தியார், பியானோ வியாபாரி. கடை எங்கே என்று கேட்காதீர்கள், என் வரவேற்பறைதான் கடை. வாங்க வருகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும். பாவிகள், நாதம் விரலில் இருக்கிறது என்று ஒருத்தருக்காவது புரிந்தால்தானே! "இதே பியானோதான் வேணும்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இப்படி ஆறு போயிற்று.

ஏழாவதின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. பியானோ கொண்டுவருகிற இங்கிலாந்துக் கப்பல்களின் வரத்து நின்றுபோன வருஷம் அது. இதுவும் போனால் அடுத்தது எப்போதோ, யார் கண்டார்கள்?

அன்று பணக்கார வீட்டுத் திருமதி பிராடிஷ் மகளோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஹிட்டி, அந்த நடன மெட்டை வாசிச்சுக் காட்டும்மா" என்றார் அமாசா.

வாசித்தேன். வாசித்தேனா? அடித்துத் துவைத்தேன். இடது கை கிழக்கே போக, வலது கை மேற்கே போயிற்று. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அமாசா முகத்தில் ஈயாடவில்லை. கப்பலே வராத துறைமுகத்தில் என் மானம் மட்டும் கப்பலேறியது.

"ஏன் திருமதி பெக், உடம்பு சரியில்லையா?" என்றாள் திருமதி பிராடிஷ்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தப் பியானோவே இப்படித்தாங்க. சரியான ஓட்டை."

அவள் எழுந்து வந்து ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்தினாள். கணீரென்று ஒலித்தது, துரோகி!

"பியானோ தங்கமா இருக்கு. வாசிக்கிற கைதான் கோளாறு. எங்க பொண்ணு ட்ரைஃபீனா கைக்கு வந்தாத்தான் இதுக்கு விடிவுகாலம். சாயங்காலமே ஆள் அனுப்புறேன்."

ஆறு பேருக்குப் புரியாதது இவளுக்கா புரியவேண்டும்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறைக்குள் ஓடினேன். அமாசா பின்னாலேயே வந்தார்.

"வேணும்னேதானே அப்படி வாசிச்சே?"

"ஆமா. எனக்கு இந்தப் பியானோ வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஆறு தடவை வித்தீங்களே, ஒரு தடவையாவது நீங்க என்னைக் கேட்டீங்களா?"

மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். நான் கதவோரம் நின்று காதைக் கொடுத்தேன்.

"மன்னிக்கணும் அம்மா. இந்தப் பியானோவைக் குடுக்கிறதுக்கில்லை."

"ஏனாம்?"

"என் பொண்டாட்டி வாசிச்சதைக் கேட்டீங்கள்ல? அவளுக்கு இன்னும் நிறையப் பயிற்சி வேணும். எப்படியும் ஒரு முப்பது வருஷம் ஆகும்."