விற்ற வீட்டில் ஒரு கட்டில்

அப்பாவுக்குப் போட நல்ல சட்டை ஒன்று வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை மகள் இழுத்தாள். அது லேசில் அசையவில்லை. திறந்தால், தேய்த்து மடித்த துணிகள் விளிம்பு வரை. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக இரண்டு வருடம், அதுவும் விற்ற வீட்டின் பின்னறையில்!

வீட்டை விற்கச் சொன்னது அவள்தான். "என்கூட வந்துடுங்கப்பா" என்று கேட்காத வாரமில்லை. "ஆகட்டும், பார்க்கலாம்" என்று பேச்சை முடித்துவிடுவார். கோபம், வேறென்ன? அந்தக் கோபத்தோடேயே இன்று விடியற்காலையில் போய்விட்டாரே என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

வீட்டை வாங்கிய தையல்காரர் வந்து நின்றார். "கடைசித் தவணையை அடுத்த மாசம் கொடுத்துடறேம்மா. ஐயா அதுக்குத்தான் காத்துட்டிருந்தாரு."

"பணத்துக்கா?"

"இல்லம்மா. குடியிருக்கிற வீட்டை வித்தாத்தான் வரி இல்லையாம். முழுப் பணமும் வர்றவரைக்கும் இங்கேயே குடியிருக்கணும், இல்லாட்டி வரி தீட்டிடுவாங்கன்னாரு. உங்ககிட்ட சொன்னா, வரி போனா போகட்டும்னு இழுத்துட்டுப் போயிடுவீங்களாம்."

துக்கம் விசாரிக்க வந்திருந்த ஆடிட்டர், அறை வாசலில் நின்றபடியே தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! வித்த வீட்டுல குடியிருந்தா வரி குறையும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே. மிச்சப் பணம் எப்ப வந்தாலும் அந்த விற்பனையோட சேர்ந்ததுதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா ஃபீஸ் வாங்குவீங்கன்னாரு" என்றார் தையல்காரர்.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். "அப்ப என்மேல கோபம் இல்லையா?"

"கோபமா? உங்க வீட்டு மாடிப்படி பதினாலுன்னுகூட எனக்குத் தெரியும்மா. தினமும் அதே பேச்சுதான்."

அவளுக்கு இரண்டு வருடப் பாரம் இறங்கிவிட்டது. சட்டையை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

பார்சல் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர் அப்பா. முகவரி இல்லாமல் ஒரு பொட்டலத்தையும் நகரவிட மாட்டார். பெட்டியின் மூடிமேலும், அவள் முதலில் கவனிக்காத ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெறுநர் என்ற இடத்தில் அவள் வீட்டு முகவரி, அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில். அனுப்பும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

மகள் ஆடிட்டரிடம் பேனா வாங்கி, அன்றைய தேதியைப் போட்டாள்.