இரண்டு அங்குலம்

"இன்னும் ஒரு அங்குலம் குறைங்க," என்றாள் அக்கா, அளவு நாடாவைப் பெட்டியின் குறுக்கே பிடித்தபடி.

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. "அக்கா, இது அலமாரி இல்ல. உள்ள ஆள் படுக்கணும். தோள் இடிக்கும்."

"இடிக்காது. காலைலயே அளந்துட்டேன். பதினெட்டரை."

தம்பி அன்று காலை ஆறரைக்கு இறந்திருந்தான். மூன்று நாள் சளி, நான்காம் நாள் மூச்சு. ஏழு மணிக்கு அவனைக் குளிப்பாட்டியவள் எட்டு மணிக்கு அவன் தோளை அளந்தாள். அழ வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரிகள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வெளி அளவு இப்ப எவ்வளவு?"

"இருபத்தி நாலு. ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சா இருபத்தி ஏழு."

"கைப்பிடி வேண்டாம்."

"அப்புறம் எதைப் பிடிச்சுத் தூக்கறது?"

"தூக்கப் போறதில்ல. அடியில நாலு சக்கரம் வைங்க."

தச்சர் சற்று யோசித்தார். "குழிக்குள்ள?"

"அது எறக்கறது. தூக்கறது இல்ல."

தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

தம்பியை ஊரே மனு என்றுதான் கூப்பிட்டது. அது அவன் பெயர் என்று நம்பி, படகுத்துறை அலுவலகமே ஒருமுறை 'திரு. மனு அவர்களுக்கு' என்று பதில் போட்டது. கால்கள் எப்படிப் போயின என்பதற்கு அவனிடம் பதினோரு கதைகள் இருந்தன. கேட்பவரின் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பான். அவனுடைய ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஆற்றின் அக்கரையில். படகுத்துறையில் எட்டுப் படி. தினமும் காலையில் படகோட்டி அவனைத் தூக்கி இறக்குவான், மாலையில் தூக்கி ஏற்றுவான். சக்கர நாற்காலி பின்னால் தனியாக வரும். படிகளுக்குப் பதில் சரிவுப் பாதை கேட்டுப் பதினெட்டு வருடம் அவன் எழுதிய மனுக்களின் பாரத்தில், துறை அலுவலகத்தின் மாடி இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. கீழ்த்தளத்துக் குமாஸ்தா உயரமானவர். ஓய்வுபெறும்வரை குனிந்தேதான் நடந்தார்.

ஒரே ஒருமுறை படகோட்டி அவனைத் தண்ணீரில் நழுவவிட்டிருக்கிறான். அடியில் ஒரு கெளுத்தி வழிமறித்து, "மனுவுக்கு நகல் உண்டா?" என்று கேட்டதாகவும், சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்த பிறகே மேலே விட்டதாகவும் கடையில் எல்லோருக்கும் சொன்னான். வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிய அக்காவிடம் வேறொன்று சொன்னான்.

"செத்தா என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுக்கா. உருட்டிட்டுப் போ."

"வாயை மூடு."

"நீ தூக்கலாம். உனக்கு மட்டும் விலக்கு."

போன மாதம் சரிவுப் பாதை வந்தது. வழுக்காத தரை, இருபுறமும் கம்பி, தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை, எல்லாம் மனுவில் கேட்டபடி. திறப்பு நாளில் தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பாதையின் வாயில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். இடைவெளி இருபத்து நான்கு அங்குலம். அவன் நாற்காலி இருபத்தாறு.

"மோட்டார் சைக்கிள் உள்ள வந்துடக் கூடாதுன்னு..." என்று பொறியாளர் இழுத்தார்.

"நல்லா வேலை செய்யுது சார்," என்றான் தம்பி. "என்னையே நிறுத்திடுச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தூக்கிவிடக் குனிந்த படகோட்டியைக் கையமர்த்திவிட்டு வீட்டுக்குத் திரும்பி, 'பொருள்: இரண்டு அங்குலம்' என்று எழுத ஆரம்பித்தான். அடுத்த வாரம் சரிசெய்யப்படும் என்று பதில் வந்தது. மூன்று வாரம் கடை திறக்கவில்லை. தினமும் காலையில் கம்பம்வரை போய், பார்த்துவிட்டுத் திரும்பினான். மழை பெய்த நாள்களிலும் போனான்.

இடுகாடும் அக்கரையில்தான்.

கட்டிலிலிருந்து பெட்டிக்கு அக்காவே அவனைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தான். தெருவெல்லாம் சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட, தச்சரும் படகோட்டியும் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். கையில் அது இல்லாமல் அவளுக்கு நடக்க வரவில்லை.

கம்பத்தருகே பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"அம்மா, கம்பத்தை அறுக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன். ஒரு மணி நேரத்துல..."

"அடுத்த வாரம்னுதானே சொன்னீங்க? அடுத்த வாரமே வரட்டும்."

அவர் தள்ளி நின்றார். பெட்டி மெல்ல நகர்ந்தது. தச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இடப்புறம் அரை அங்குலம், வலப்புறம் அரை அங்குலம். எங்கும் உரசவில்லை. சரிவில் சக்கரங்களின் சத்தம் நின்றுபோனது. அவ்வளவு நல்ல தரை. பெட்டி மிதவையைக் கடந்து படகின் தளத்துக்கு ஒரு சிறு குலுக்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

படகோட்டி தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலே ஏறி வந்தான்.

"ஒரு தடவதான் அக்கா கீழ போட்டேன்."

"தெரியும்."

"மீன் கதை சொல்லி என்னைக் காப்பாத்திட்டாரு."

"அதுவும் தெரியும்."

அவள் நாற்காலியைத் தள்ளினாள். இரண்டு சக்கரமும் இரண்டு கம்பத்தில் முட்டி நின்றன. பின்னால் இழுத்து, நேராக்கி, இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். படகோட்டி பழக்கத்தில் குனிந்து நாற்காலிக்கு அடியில் கையைக் கொடுத்தான்.

"விடுப்பா. தூக்காத."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் நாற்காலியைக் கம்பத்துக்கு வெளியே, ஆற்றைப் பார்க்க நிறுத்தினாள். கம்பங்களுக்கு நடுவே நுழைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதிச் சரிவுவரை இறங்கினாள். படகில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் திரும்பி மேலே ஏறிப் போய், நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். முதலில் இடது சக்கரத்துக்கு, பிறகு வலதுக்கு.